கைக்கடிகாரம் காட்டும் கணக்கு சரிதானா?
ஜிம் பொறிகளில் பயிற்சி செய்யும் வியாபார அன்பர்களுக்கு ஒரு பாடம்



நாம் வியாபாரிகள். தராசு சரியாக நிற்கிறதா என்று பார்க்காமல் ஒரு கிலோ சீனியைக் கூட நிறுத்துக் கொடுப்பதில்லை. இந்நாட்டில் 1972ஆம் ஆண்டின் நிறுவை, அளவைச் சட்டப்படி கடைத் தராசுகளுக்கு வருஷந்தோறும் சோதனையும் முத்திரையும் உண்டு. அதற்கெல்லாம் மேலாக, திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயமாகிய முதஃப்பிஃபீன், அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்தே ஆரம்பமாகிறது. அளவு என்பது நமக்குத் தொழில் மட்டுமல்ல, மார்க்கமுமாகும்.

இப்படிப்பட்ட நாம், நமது சொந்தத் தேகத்தை அளக்கும் ஒரு கருவியை மட்டும் சோதித்துப் பார்க்காமலே நம்பிவிடுகிறோம். அதுதான் இப்போது பலரின் மணிக்கட்டில் காணப்படும் ஸ்மார்ட் வாட்ச், ஃபிட்னஸ் பேண்ட் என்னும் கைக்கடிகாரம். ஜிம்முக்குப் போய் வந்தபின், “இன்று நானூறு கலோரி எரித்துவிட்டேன்” என்கிறார் ஒருவர். “அரை மணி நேரம் மிதித்தேன், ஒரு காலடி கூட ஏறவில்லை” என்கிறார் மற்றொருவர். இவ்விரண்டு கணக்கும் எங்கே சரி, எங்கே பிழை என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

இது ஏன் நமக்கு அவசியம்?

மலேசிய சுகாதார அமைச்சு 2023ஆம் ஆண்டில் நடத்திய தேசிய ஆய்வின்படி, வயது வந்தோரில் 100க்கு 15.6 பேருக்கு நீரிழிவும், 29.2 பேருக்கு இரத்த அழுத்தமும் இருக்கின்றன. 54.4 பேர் அதிக எடையோ பருமனோ உடையவர்கள். 2019ஆம் ஆண்டு ஆய்வில், நீரிழிவு இந்திய வம்சாவளியினரிடையே ஏனைய பெரிய இனத்தாரை விட மிகுதியாகக் காணப்பட்டது. இவ்வட்டத்துக்குள் நாமும் அடக்கம்.

நமது தொழிலின் தன்மையும் அப்படித்தான். காலையில் கடை திறந்தால் இரவு பத்து மணி வரை கல்லாவுக்குப் பின்னால் நிற்பது அல்லது உட்கார்ந்திருப்பது. இடையிடையே தே தாரேக். இரவு கடை அடைத்தபின் வயிறு நிறையச் சாப்பாடு. நமக்கு முந்திய தலைமுறையினர் சரக்கு மூட்டையைத் தாங்களே சுமந்தார்கள். நாம் லாரியை வரவழைத்துக் கையெழுத்துப் போடுகிறோம். ஆகையால் டாக்டர்கள் நம்மை ஜிம்முக்குப் போகச் சொல்வதில் ஆச்சரியமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நியதி இதுதான்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிஷம் வரை கடுமையான பயிற்சி. அன்றியும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. இந்த நிமிஷங்களைக் கணக்கு வைப்பதற்குத்தான் கடிகாரம் நமக்கு உதவ வேண்டும்.

கடிகாரத்துக்குள் என்ன இருக்கிறது?

இதில் முக்கியமானவை இரண்டு உறுப்புக்கள்.

ஒன்று, அசைவை உணரும் சிறு சில்லு. கை முன்னும் பின்னும் வீசுவதை வைத்துக் காலடியை எண்ணுகிறது. கவனியுங்கள்: அது காலைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறது. கை அசையாவிட்டால் அதற்குக் கால் நடப்பது தெரியாது.

மற்றொன்று, அடிப்புறத்தில் மினுக்கும் பச்சை விளக்கு. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் குணமுடையது. இருதயம் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் மணிக்கட்டில் இரத்தம் சற்று மிகும். திரும்பி வரும் ஒளி சற்றுக் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணியே கடிகாரம் நாடித் துடிப்பைச் சொல்லுகிறது. ஆகவே கடிகாரம் தோலில் படியாமல் ஆடினாலும், வெளிவெளிச்சம் உள்ளே புகுந்தாலும், மணிக்கட்டு மடங்கினாலும், கை எதையாவது இறுகப் பிடித்தாலும் கணக்குக் குழம்பிவிடும்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தேகம் அசையும்போது இக்கருவிகளின் பிழை, ஓய்வாயிருக்கும்போது உள்ளதை விட சராசரி 30 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். எப்போது நமக்குக் கணக்கு மிகவும் தேவையோ அப்போதுதான் கருவி அதிகம் தடுமாறுகிறது என்பது இதனால் விளங்கும்.

முதலில் செய்ய வேண்டியவை

தராசை வைக்குமுன் பலகையைச் சமன் செய்வது போல, சில காரியங்களை முதலில் முடிக்க வேண்டும்.

1. கைப்பேசியிலுள்ள செயலியில் உங்கள் வயது, உயரம், எடை ஆகியவற்றை உண்மையாகப் பதியுங்கள். மூன்று வருஷத்துக்கு முந்திய எடையை வைத்துக்கொண்டிருந்தால் கலோரிக் கணக்கு அடியிலேயே கோணலாகும். மாதம் ஒரு முறை எடை பார்த்துத் திருத்துங்கள்.

2. எந்தக் கையில் கட்டுகிறீர்கள் என்பதையும் செயலியில் குறியுங்கள். வலக்கையால் கல்லா, தராசு, கத்தி எல்லாம் நடக்கிறபடியால் இடக்கையில் கட்டுவதே நல்லது.

3. பயிற்சியின்போது கடிகாரத்தை மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரற்கடை மேலே ஏற்றி, வழுக்காதபடி, ஆனால் இரத்தம் கட்டாதபடி இறுக்குங்கள். பயிற்சி முடிந்ததும் தளர்த்திவிடுங்கள்.

4. ஒளுச் செய்யும்போது அதைக் கழற்றிவிடுங்கள். இறுகிய பட்டையின் கீழ் தண்ணீர் சேராவிட்டால் ஒளு நிறைவேறாது. பிறகு கையையும் கடிகாரத்தின் அடிப்பாகத்தையும் துடைத்து உலர்த்திக் கட்டுங்கள். ஈரமும் வியர்வைப் பிசுக்கும் விளக்கின் பார்வையை மறைக்கும். தோலிலும் தடிப்பு உண்டாகும்.

5. ஒவ்வொரு பொறியில் ஏறுமுன்பும் அதற்குரிய பயிற்சிப் பெயரைத் தேர்ந்தெடுத்து ஆரம்பியுங்கள், முடிந்ததும் நிறுத்துங்கள். தானாகக் கண்டுகொள்ளும் என்று விட்டுவிடுவது, பையனைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டு ஊருக்குப் போவது போலத்தான்.

பொறி வாரியாக விளக்கம்

டிரெட்மில்: உள்ளே நடக்கும்போது கடிகாரத்துக்குச் செயற்கைக்கோளின் உதவி கிடையாது. காலடி எண்ணிக்கையை உங்கள் காலடி நீளத்தால் பெருக்கித் தூரம் சொல்லுகிறது. அந்த நீளத்தை அது கற்க வேண்டுமானால், முதலில் ஒரு நாள் திறந்த வெளியில் இருபது நிமிஷமாவது ஒரே சீராக நடக்க வேண்டும். ஜோகூர் பாருவாசிகளுக்கு ஹுத்தான் பண்டார் பூங்கா இருக்கிறது. மற்ற ஊரார் தங்கள் ஊர்த் திடலில் நடக்கலாம். பிறகு உள்ளே வந்தால் கணக்கு நெருங்கும். சில கடிகாரங்களில் முடிவில் டிரெட்மில் காட்டும் தூரத்தைப் பதிந்து திருத்தவும் வழியுண்டு.

பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் காலடிகள் குறைந்து பதியும். தலைசுற்றல் இல்லாதவர்கள் கையை வீசி நடக்கலாம். தடுமாற்றம் உள்ளவர்கள் கம்பியைத்தான் பிடிக்க வேண்டும். எண்ணிக்கைக்காக விழுந்துவிடக் கூடாது. மேலும், பலகையின் ஏற்றத்தைக் கடிகாரம் அறியாது. ஏற்றத்தில் நடந்த கஷ்டம் நாடித் துடிப்பில் மட்டுமே தெரியும்.

இன்னொரு விநோதமும் உண்டு. நிமிஷத்துக்கு 120 காலடி நடப்பவருக்குச் சில வேளை நாடியும் 120 என்றே காட்டும். கடிகாரம் காலடியின் தாளத்தை இருதயத் துடிப்பென்று எண்ணி ஏமாந்துபோவதே காரணம். சந்தேகம் வந்தால் பொறியை நிறுத்தி இறங்கி, உடனே விரலை நாடியில் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அதுவே முத்திரைக் கல்.

நிற்கும் சைக்கிள்: மளிகைக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் முழங்கால் வலியின் காரணமாகச் சைக்கிள் பொறியில் தினமும் நாற்பது நிமிஷம் மிதித்து வந்தார். கடிகாரத்தில் காலடி ஏறவேயில்லை. “இவ்வளவும் வீண்” என்று மனமுடைந்து ஒரு மாதத்தில் விட்டுவிட்டார். அவர் செய்தது வீணல்ல. கை கம்பியின் மேல் அசையாமலிருந்தது, அவ்வளவே. சைக்கிளில் காலடியைத் தேடக் கூடாது. சைக்கிள் பயிற்சி என்று குறித்து, நிமிஷத்தையும் நாடியையும் மட்டும் பாருங்கள். கம்பியை நெரிக்காமல், மணிக்கட்டு மடங்காமல், கையை லேசாக வையுங்கள்.

எலிப்டிகல்: இதில் கைப்பிடிகளும் கூடவே ஆடுகிறபடியால், அவற்றைப் பிடித்து இழுத்துத் தள்ளினால் காலடிகள் ஓரளவு பதியும். நடுவிலுள்ள அசையாத கம்பியைப் பிடித்தால் குறையும். தினமும் ஒரே விதமாகப் பிடித்தால்தான் இன்றையதையும் நாளையதையும் ஒப்பிட முடியும்.

துடுப்புப் பொறி: இழுக்கும்போது கை இறுகி மணிக்கட்டு மடங்குவதால் நாடிக் கணக்கு அடிக்கடி தவறும். தூரத்துக்கும் வேகத்துக்கும் பொறியின் திரையையே நம்புங்கள்.

எடைப் பொறிகள்: செஸ்ட் பிரஸ், லெக் பிரஸ், மேலிருந்து இழுக்கும் பொறி முதலியவற்றில்தான் கடிகாரம் மிகவும் தோற்றுப்போகிறது. லெக் பிரஸில் கால் உழைக்கிறது, கை சும்மா இருக்கிறது. கடிகாரத்துக்கு ஒன்றும் தெரியாது. மற்றப் பொறிகளில் பிடி இறுகுவதால் விளக்கின் பார்வை கெடும். ஒரு சுற்று நாற்பது விநாடிக்குள் முடிந்துவிடும்; கடிகாரம் துடிப்பைக் கண்டுபிடித்துச் சொல்லுமுன் நீங்கள் ஓய்வெடுக்க உட்கார்ந்துவிடுவீர்கள். எத்தனை கிலோ தூக்கினீர்கள் என்பதை அது அறியவே அறியாது.

ஆகையால் எடைப் பயிற்சிக்கு நமக்குப் பழக்கமான நோட்டுப் புத்தகமே சிறந்த கருவி. தேதி, பொறி, எடை, தடவை, சுற்று என்று ஐந்து பத்தி போடுங்கள். 20 கிலோ, 12 தடவை, 3 சுற்று என்றால் பெருக்குத் தொகை 720. சில வாரங்களுக்குப்பின் 22.5 கிலோவை அதே கணக்கில் தள்ளினால் 810. இந்த வளர்ச்சியே உங்கள் லாபம். தசை உழைக்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை அது எடுத்துக்கொள்கிறபடியால், நீரிழிவுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் வேண்டியது.

ஒரு எச்சரிக்கை: ஒரு பொறியின் 20 கிலோவும் வேறு பொறியின் 20 கிலோவும் ஒன்றல்ல. உள்ளே கப்பிகள் அமைந்திருக்கும் விதத்தால் பாரம் பாதியாகவும் குறையலாம். ஆகவே ஒரே பொறியின் கணக்கை அதே பொறியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

நாடித் துடிப்பை எவ்வளவு நம்பலாம்?

சைக்கிள், டிரெட்மில் போன்ற சீரான பயிற்சியில் நல்ல கடிகாரத்தின் நாடிக் கணக்கை ஓரளவு நம்பலாம். இன்னும் துல்லியம் வேண்டுவோர் நெஞ்சில் கட்டும் பட்டையை வாங்கலாம். அது ஒளியைக் கொண்டல்ல, இருதயத்தின் மின்சாரத்தைக் கொண்டே துடிப்பை அறிகிறது. கை இறுகினாலும் மடங்கினாலும் அதற்குக் கவலையில்லை. பின்லாந்து நாட்டின் போலார் கம்பெனி 1982இலேயே கம்பியில்லாத நெஞ்சுப் பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய பட்டைகள் பெரும்பாலான கடிகாரங்களோடு இணையும்.

நாடி எவ்வளவு ஏறலாம்? 220இலிருந்து வயதைக் கழிப்பது வழக்கமான கணக்கு. ஐம்பது வயதினருக்கு 170 வரும். அதில் 50 முதல் 70 சதவீதம், அதாவது 85 முதல் 119 வரை, மிதமான பயிற்சி. அறுபது வயதினருக்கு 80 முதல் 112 வரை. இது பொதுக் கணக்கேயன்றி ஒவ்வொருவருக்கும் தைத்த சட்டையல்ல.

முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐம்பதைக் கடந்த நண்பர் ஒருவருக்குக் கடிகாரம் 115 என்று இலக்கு வைத்திருந்தது. எவ்வளவு நடந்தும் 95க்கு மேல் ஏறவில்லை. எண்ணைப் பிடிக்க வேண்டுமென்று வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக்கொண்டே போனார். கண் இருண்டு, கம்பியைப் பிடித்துத் தப்பினார். டாக்டர் விசாரித்தபோது காரணம் தெரிந்தது. அவர் சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரை, இருதயத் துடிப்பையே மெதுவாக்கும் வகையைச் சேர்ந்தது. பிசோப்ரோலோல், அட்டெனோலோல், மெட்டோப்ரோலோல் முதலியவை அத்தகையவை. இவற்றைச் சாப்பிடுவோருக்கு 220 கணக்குப் பொருந்தாது. உங்கள் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டி, எவ்வளவு ஏறலாம் என்று கேட்டபின்பே ஜிம்மில் கால் வையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

இப்படிப்பட்டவர்களுக்கும், கடிகாரமே இல்லாதவர்களுக்கும் பொதுவான ஓர் அளவு உண்டு. பயிற்சியின்போது தாராளமாகப் பேச முடிகிறது, ஆனால் பைத்து ஓத மூச்சு இடங்கொடுக்கவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. நாலு வார்த்தைக்கு மேல் தொடர்ந்து பேச முடியாவிட்டால் கடுமையான பயிற்சி. நெஞ்சில் வலி, பாரம், தலைசுற்றல் கண்டால் கடிகாரம் என்ன சொன்னாலும் உடனே நிறுத்தி உதவி கேளுங்கள்.

கலோரியை நம்பிக் கடன் வாங்காதீர்கள்

2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் அறுபது பேரின் கையில் ஏழு வகைக் கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். நாடிக் கணக்கில் ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள் நின்றன. கலோரிக் கணக்கிலோ, ஆகச் சிறந்த கருவியே சராசரி 27 சதவீதம் தவறியது. ஆக மோசமானது 93 சதவீதம். அதன்பின் கருவிகள் மாறியிருக்கலாம். ஆனால் கலோரி என்பது நேரே அளப்பதல்ல, மற்ற எண்களிலிருந்து ஊகிப்பது என்ற நிலை மாறவில்லை. 27 சதவீதப் பிழையுள்ள கருவி 300 கலோரி என்று காட்டினால், அது 220 ஆகவும் இருக்கலாம், 380 ஆகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட தராசை நமது கடையில் வைத்திருப்போமா?

நாமே சரிபார்க்க ஒரு வழி சொல்லுகிறேன். மிதமான நடைக்கு எடையை 3.5ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக் கலோரி ஏறக்குறைய வரும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 245. அரை மணிக்கு 120 சொச்சம். ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி இருக்கிறது. அதாவது ஒரு ரொட்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட நடை. “எரித்துவிட்டேனே” என்று ஜிம்மிலிருந்து நேரே கடைக்குப் போய் இரண்டு ரொட்டியும் தே தாரேக்கும் சாப்பிடுவது, வராத பாக்கியை வரவில் எழுதிச் செலவு செய்வதாகும்.

பத்தாயிரம் காலடி என்பதும் மருத்துவம் வகுத்த எல்லையல்ல. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த வருஷம், 1965இல், ஜப்பானிய யமாசா கம்பெனி “பத்தாயிரம் காலடி அளவி” என்ற பொருள் தரும் பெயரில் ஒரு கருவியை விற்றது. பெயரே இலக்காக நிலைத்துவிட்டது. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வயதான பெண்மணிகளிடையே தினம் 4,400 காலடியிலேயே மரண அபாயம் குறையத் தொடங்கியது. சுமார் 7,500க்கு மேல் கூடுதல் நன்மை தென்படவில்லை. ஆகையால் பத்தாயிரம் எட்டவில்லையே என்று யாரும் மனந்தளர வேண்டாம். அதற்காகக் கருவியே வீண் என்பதுமல்ல. தம்பாக்குக்கு அப்பால் சிங்கப்பூரில் 2015 முதல் தேசிய காலடிச் சவால் என்ற பெயரில் அரசாங்கமே கைப்பட்டைகளை இலவசமாகக் கொடுத்து ஜனங்களை நடக்கத் தூண்டியது. தூண்டுகோலாக அது நல்லது, நீதிபதியாகத்தான் ஆகாது.

விற்பனை செய்வோருக்கு ஒரு வார்த்தை

நம்மில் பலர் இக்கடிகாரங்களை விற்கவும் செய்கிறோம். ஊசி குத்தாமலே இரத்தச் சர்க்கரையைக் காட்டும் என்று அட்டையில் அச்சிட்ட மலிவுச் சரக்குகள் சந்தையில் நடமாடுகின்றன. 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்று பகிரங்கமாக எச்சரித்தது. பொய் எண்ணை நம்பி ஒரு நோயாளி இன்சுலினைக் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்து. அந்தச் சரக்கை, அறிந்தும் விற்பவர் நிறுவையில் மட்டுமல்ல, ஓர் உயிரிலும் குறைத்தவராவார். கேட்டு வரும் வாடிக்கையாளரிடம், “மணியும் காலடியும் பார்க்கலாம், சர்க்கரைக்கு விரலில் குத்தும் கருவியே வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். ஒரு விற்பனை போனாலும் பரக்கத்துப் போகாது.

பாடத்தின் சுருக்கம்

தூரத்துக்குப் பொறியின் திரை. நாடிக்குக் கடிகாரம் அல்லது நெஞ்சுப் பட்டை. சந்தேகம் வந்தால் விரல். எடைக்கு நோட்டுப் புத்தகம். கலோரியைப் பாருங்கள், ஆனால் அதை நம்பிச் சாப்பிடாதீர்கள். ஒரு நாள் எண்ணை விட ஒரு மாதக் கணக்கு மேல். ஒரே கருவியை, ஒரே கையில், ஒரே விதமாகக் கட்டி வந்தால் அதன் பிழையும் ஏறக்குறைய ஒரே அளவாயிருக்கும், ஏற்ற இறக்கம் தெளிவாகும். நோன்பு மாதத்தில் பயிற்சியை நோன்பு திறந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

2025 ஜனவரி முதல் நமது ஜோகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறு ஆகிவிட்டதால் அந்நாட்களில் கடையில் கூட்டம் அதிகம், பயிற்சிக்கு நேரமில்லை என்று சொல்லுவோருண்டு. சுபுஹுத் தொழுகைக்கும் கடை திறப்புக்கும் இடையே அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் கிடைத்தாலே 150 நிமிஷமாகிவிடும். அதைச் சரியாக எழுதி வையுங்கள்.

தேகம் நமக்கு அமானிதமாகக் கொடுக்கப்பட்டது. அமானிதத்துக்குச் சரியான கணக்கு வைப்பது நம் கடமை. வல்ல நாயன் நம் அனைவருக்கும் நீண்ட ஹயாத்தும், நின்று தொழும் வலிமையும் தந்தருள்வானாக. ஆமீன்.